அலி, டைசன், லூயிஸ், கிளிச்கோ: எந்த இரவு, எத்தனை சுற்று, நடுவர் யார்?

பழையரீல்

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை மோதவிட்டு, "அலி டைசனை அடிப்பாரா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கேள்வியை மட்டும் யாரும் முழுதாகக் கேட்பதில்லை. எந்த அலி? 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்தவரா, 1980இல் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கி மூலையிலேயே உட்கார்ந்துவிட்டவரா? எந்த டைசன்? 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்தவரா, 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் அடியில் விழுந்து பல் காப்பைத் தரையில் தேடியவரா? சரி, ஒவ்வொருவரின் உச்ச இரவையே எடுத்துக்கொள்வோம் என்று இதுவரைக்கும் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அதற்கு அடுத்த கேள்வியில்தான் கோட்டை விடுகிறோம். சண்டை எத்தனை சுற்று? நடுவர் எதை விடுவார், எதைத் தடுப்பார்?

இது சில்லறை விஷயம் இல்லை. 1941 ஜூனில் ஜோ லூயிஸுக்கும் பில்லி கானுக்கும் நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சுற்று முடிந்தபோது இரண்டு புள்ளி அட்டைகளில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமம். 13ஆம் சுற்றில் கான் அடித்து முடிக்கப் பார்த்தார், லூயிஸ் அவரை முடித்தார். அப்புறம் 1952 செப்டம்பர், பிலடெல்ஃபியா. ராக்கி மார்சியானோவுக்கு எதிராக 12 சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முன்னிலை. 13ஆம் சுற்றில் கயிற்றோரம் இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை விடுகிறார்கள், மார்சியானோவின் குத்து முதலில் போய்ச் சேர்கிறது. வால்காட்டின் இடது கை நடுக் கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் மெதுவாகக் கீழே சரிகிறது. இன்றைய 12 சுற்று விதி அன்று இருந்திருந்தால் லூயிஸின் பட்டம் அந்த இரவே போயிருக்கும், மார்சியானோவின் 49-0 என்ற தோல்வியே இல்லாத கணக்கும் இருந்திருக்காது.

15 சுற்று 12 ஆனதற்குக் காரணமும் ஒரு மரணம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடனான லைட்வெயிட் பட்டச் சண்டையில் 14ஆம் சுற்றில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகுதான் ஒவ்வோர் அமைப்பாக 12க்கு இறங்கியது. குறைத்தது மிகச் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 15 சுற்றுக்கென்று மூச்சைப் பங்கிட்டுப் பழகியவரையும் 12க்கு மட்டும் பழகியவரையும் ஒரே வளையத்தில் ஏற்றும்போது எந்தக் கணக்கில் ஏற்றுகிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

அதனால் ஒரு கோரிக்கை. யார் யாரை மோதவிட்டாலும் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: எந்த இரவு, எத்தனை சுற்று, எப்படிப்பட்ட நடுவர்.

இடதுஹூக்

நல்ல ஆரம்பம். ஆனால் டைசன் விஷயத்தில் சுற்றுக் கணக்கெல்லாம் தேவையே இல்லை அண்ணா. 1988 டைசன், 1966 அலி, ஆறு சுற்றுக்குள் முடிந்துவிடும்.

காரணம் எளிது. அலிக்கு ஒரு பழக்கம் கடைசிவரை போகவில்லை. கையை இடுப்பளவில் தொங்கவிட்டு, அடி வரும்போது தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார். வலது கைக்காரனிடம் அது தப்பிக்கும் வழி. கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் இடது ஹூக்குக்கு அது கூப்பிட்டுக் கொடுக்கும் வழி. 1962இல் சோனி பேங்க்ஸ் முதல் சுற்றிலேயே இடது ஹூக்கில் விழவைத்தார். 1963இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர் நான்காம் சுற்றுக் கடைசியில் அதே அடியில் கயிற்றுக்குள் உட்காரவைத்தார். 1971இல் 15ஆம் சுற்றில் ஃபிரேசியர். மூன்று பேர், ஒரே கை, ஒரே குத்து. டைசனின் இடது ஹூக் அந்த மூன்றையும்விட வேகம். அதற்கு மேல் அவரிடம் வலது கை ஜோடி ஒன்று உண்டு: முதலில் விலாவில் இறக்குவார், எதிராளியின் முழங்கை கீழே வந்ததும் அதே வலது கை அப்பர்கட்டாக இடைவெளியில் ஏறித் தாடைக்குப் போகும். அலி இப்படிப்பட்ட ஆளைப் பார்த்ததே இல்லை.

ஜாப்மட்டும்

பார்த்ததில்லையா? நீங்கள் சொன்ன மூன்றையும் முழுதாகச் சொல்லுங்கள். பேங்க்ஸ் நான்காம் சுற்றில் நிறுத்தப்பட்டார். கூப்பர் அடுத்த சுற்றிலேயே முகம் கிழிந்து நின்றுபோனார். ஃபிரேசியரின் அடி பதினான்கு சுற்றுச் சண்டைக்குப் பிறகு விழுந்த அடி, அதிலும் அலி சில விநாடிகளில் எழுந்து சுற்றை முடித்தார். விழுவது வேறு, எழாமல் கிடப்பது வேறு. வாழ்நாள் முழுவதும் அலியை யாரும் பத்து எண்ணும்வரை படுக்கவைத்ததில்லை.

டைசன் பக்கமும் பாருங்கள். 1987இல் போன்கிரஷர் ஸ்மித் முதல் சுற்றிலிருந்தே கட்டிப்பிடித்துக்கொண்டு 12 சுற்றும் நின்றார். அதே ஆண்டு டோனி டக்கரும் 12 சுற்று நின்றார். டைசன் வென்றார், சந்தேகமில்லை, ஆனால் கட்டிப்பிடித்தவனின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அடிக்கும் வழி அவரிடம் இல்லை, நடுவர் பிரித்துவிடும்வரை காத்திருப்பார். டக்ளஸின் கை வீச்சு 83 அங்குலம், டைசனுக்கு 71. அந்த 12 அங்குல வித்தியாசத்தை ஜாபால், அதாவது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டி விடும் குத்தால், நிரப்பினால் என்ன ஆகும் என்று டோக்கியோவில் பார்த்தோம். 1966 அலிக்கு 78 அங்குலமும் டக்ளஸிடம் இல்லாத கால்களும் உண்டு. 15 சுற்று என்றால் அலி 11, 12இல் நிறுத்துவார். 12 என்றால் புள்ளிகளில்.

இடதுஹூக்

டோக்கியோ டைசனைக் கொண்டுவராதீர்கள். அப்போது பயிற்சியாளர் கெவின் ரூனி போய் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, தலை அசைவும் போய்விட்டது, ஒற்றை ஒற்றைக் குத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். உச்ச இரவு என்று பேசிவிட்டு அந்த இரவை எடுத்தால் எப்படி?

ஜாப்மட்டும்

அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்மித்தும் டக்கரும் ரூனி இருந்த காலம்தானே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கயிற்றோரம்

இங்கேதான் நடுவர் வருகிறார், பழையரீல் கேட்டதும் அதுதான்.

அலியும் ஃபிரேசியரும் மோதிய இரண்டாவது சண்டை, 1974 ஜனவரி, நடுவர் டோனி பெரஸ். அலி அன்று என்ன செய்தார் என்று ஒரு சுற்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று குத்து, உடனே இடது கையை ஃபிரேசியரின் பிடரியில் போட்டுத் தலையைக் கீழே அழுத்துவார், ஃபிரேசியர் குனிந்தபடியே நிற்பார், நடுவர் வந்து பிரிப்பார், மறுபடி முதலிலிருந்து. அலி புள்ளிகளில் வென்றார். மூன்றாவது சண்டைக்கு, 1975 அக்டோபரில் மணிலாவில், ஃபிரேசியரின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் முதலில் சண்டை போட்டதே நடுவருக்காகத்தான். உள்ளூர்க்காரரான கார்லோஸ் படில்லா வந்தார். சின்ன உருவம், சுறுசுறுப்பு. அலி பிடரியில் கையைப் போடும்போதெல்லாம் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அதனால்தான் ஃபிரேசியரால் நடுச் சுற்றுகளில் உள்ளே புகுந்து விலாவில் அவ்வளவு அடிக்க முடிந்தது. 14 சுற்று முடிந்து ஃபட்ச் தன் ஆளை நிறுத்தியபோது அலியும் நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார். அதே இரண்டு பேர், 20 மாத இடைவெளி, இரண்டும் வேறு சண்டை.

ஆக டைசனுக்கு எதிராக அலி கட்டிப்பிடிக்க முடிந்தால் ஒரு முடிவு, முடியாவிட்டால் வேறு முடிவு. படில்லா நடுவர், 12 சுற்று என்றால் நான் டைசன் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

பழையரீல்

நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன். 1974, 75 அலி கால் போன அலி, கட்டிப்பிடித்ததே கால் போனதால். 1966 அலிக்குக் கிளிஞ்ச், அதாவது கட்டிப்பிடிப்பது, இரண்டாவது வழிதான், முதல் வழி அங்கே இல்லாமல் இருப்பது. படில்லா இருந்தால் முதல் ஐந்து சுற்றில் டைசனுக்கு உண்மையான வாய்ப்பு உண்டு, இடதுஹூக் சொன்ன குத்து விழுந்தே தீரும். ஒருமுறை விழுந்து எழுந்து, அதன் பிறகு தூரத்திலேயே நின்று, அலி. பெரஸ் இருந்தால் அந்த ஒருமுறை விழுவதும் இருக்காது.

எடைத்தட்டு

எனக்கு இந்தப் பட்டியலிலேயே ஒரு சந்தேகம். நேராகவே கேட்கிறேன். ஜோ லூயிஸ் சுமார் 200 பவுண்டு. மார்சியானோ 184, 188. இன்று 200 பவுண்டு வரைக்கும் குரூசர்வெயிட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. டைசன் ஃபியூரி 2020இல் வைல்டரை நிறுத்தியபோது 273 பவுண்டு, உயரம் 6 அடி 9. இவர்களை ஒரே வளையத்தில் நிறுத்துவதே நியாயமா? லூயிஸும் மார்சியானோவும் மாபெரும் வீரர்கள், அவர்கள் காலத்தில் அவர்களைப்போல் யாரும் இல்லை. ஆனால் "யார் பெரியவர்" என்பதும் "யார் யாரை அடிப்பார்" என்பதும் ஒன்றில்லையே.

மணியோசை

ஒன்றில்லை, சரி. ஆனால் எடை மட்டும் தீர்மானிக்காது என்பதற்கு 2024ஐப் பாருங்கள். மே மாதம் உஸிக் 223.5, ஃபியூரி 262, உஸிக் வென்றார். டிசம்பரில் 226க்கு 281, ஐம்பது பவுண்டுக்கு மேல் வித்தியாசம், புள்ளி போடும் மூன்று பேரும் 116-112 என்று உஸிக்குக்குக் கொடுத்தார்கள்.

பழைய உதாரணமும் உண்டு. 1919 ஜூலை 4, டொலிடோ. டெம்ப்ஸி 187, வில்லார்ட் 245, உயரம் ஆறரை அடி. முதல் சுற்றிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார்.

கயிற்றோரம்

அந்த டெம்ப்ஸியை உதாரணமாக வைக்காதீர்கள், அது நடுவர் கணக்கில் அடிபட்டுப்போகும். அன்று விழுந்தவனை விட்டு விலகி நிற்க வேண்டும் என்று விதி கிடையாது. வில்லார்ட் முழங்காலை ஊன்றி எழும்போதே டெம்ப்ஸி பக்கத்தில் நின்று மறுபடி அடித்தார். ஏழு முறையில் எத்தனை முறை அவர் உண்மையில் நேராக நின்றிருந்தார் என்று பாருங்கள். விழவைத்தவன் நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி வந்த பிறகு, 1927 செப்டம்பரில் சிகாகோவில், டன்னியை ஏழாம் சுற்றில் கீழே தள்ளிவிட்டு அதே பழக்கத்தில் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்றார். அவர் போகும்வரை நடுவர் எண்ணத் தொடங்கவில்லை. டன்னிக்குக் கூடுதல் விநாடிகள் கிடைத்தன, எழுந்தார், வென்றார். டெம்ப்ஸியை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அவருடைய உச்ச இரவு இன்றைய விதியில் நடந்திருக்கவே முடியாது.

எடைத்தட்டு

உஸிக் நல்ல உதாரணம்தான். ஆனால் அவரும் 223, லூயிஸைவிட இருபதுக்கு மேல் கூட. அதோடு 6 அடி 3, இடதுகைக்காரர், அந்தக் கால்கள். லூயிஸின் கால்கள் அப்படி இல்லை. உஸிக்கால் முடிந்தது என்பதால் லூயிஸால் முடியும் என்று ஆகாது.

பழையரீல்

எடைத்தட்டு கேட்டது சரியான கேள்வி. லூயிஸையே எடுத்துக்கொள்கிறேன். ஃபியூரி வேண்டாம், விளாதிமிர் கிளிச்கோவை எதிரே நிறுத்துகிறேன், ஏனென்றால் இது இரண்டு பக்கமும் வலிக்கும் சண்டை.

லூயிஸுக்குப் பெரிய ஆட்கள் புதிதில்லை. 260 பவுண்டு கர்னேராவை 1935இல் ஆறாம் சுற்றில் நிறுத்தினார். ஆறடி ஆறங்குல பட்டி பேரை இரண்டு முறை சந்தித்தார். முதல் முறை, 1941இல், பேர் அடித்ததில் லூயிஸ் கயிற்றைத் தாண்டி வெளியே போய் விழுந்தார், திரும்பி வந்து வென்றார். 1942 ஜனவரியில் ஒரே சுற்றில் முடித்தார். ஆனால் இவர்கள் யாரும் விளாதிமிர் இல்லை. கர்னேராவிடம் விளாதிமிரின் ஜாபில் பாதிகூட இல்லை.

லூயிஸின் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. ஜாப் விட்ட இடது கை திரும்பி வரும்போது தோளுக்கு வராமல் கொஞ்சம் தாழ்வாக வரும். 1936இல் ஷ்மெலிங் படச்சுருளைப் போட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளிக்குள் வலது கையை விட்டுக்கொண்டே இருந்து, 12ஆம் சுற்றில் முடித்தார். விளாதிமிரின் முக்கிய ஆயுதம் என்ன? அதே நேர் வலது. அதுவும் ஷ்மெலிங்கைவிட ஐம்பது பவுண்டு கூடிய உடம்பிலிருந்து.

இப்போது மறுபக்கம். 2003இல் கோரி சாண்டர்ஸ் இரண்டே சுற்றில், 2004இல் லாமன் ப்ரூஸ்டர் ஐந்தில் விளாதிமிரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எமானுவேல் ஸ்டூவர்டின் பயிற்சியில் அவர் ஆட்டத்தை மாற்றினார்: ஜாப், ஜாப், வலது, எதிராளி உள்ளே வந்தால் உடனே கட்டிப்பிடித்து முழு எடையையும் மேலே சாய்ப்பது. 2013இல் மாஸ்கோவில் பொவெட்கினை நான்கு முறை விழவைத்தார், ஆனால் அதைவிட அதிகமாக அவர் கழுத்தின் மேல் படுத்திருந்தார். நடுவர் 11ஆம் சுற்றில்தான் ஒரு புள்ளி குறைத்தார். அந்த நடுவரோடு, 12 சுற்று, லூயிஸ் தோற்பார். 200 பவுண்டு உடம்பு 245 பவுண்டைச் சுமந்துகொண்டு ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் கை தூக்க முடியாது.

ஆனால் படில்லாவைப்போல ஒருவரை வையுங்கள். உள்ளே வந்தால் பிடிக்கக் கூடாது, பிடித்த கையைத் தட்டிவிடுவார். அப்போது விளாதிமிர் என்ன செய்வார்? அவருக்கு உட்சண்டை என்று ஒன்று கிடையாது, அந்த இடத்தைக் கிளிஞ்ச் வைத்தே நிரப்பினார். லூயிஸோ ஆறங்குல இடத்தில் மூன்று குத்து விடுபவர். தோள் அசைவதுகூடத் தெரியாது, 1938இல் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்ததைப் பாருங்கள், கயிற்றில் சாய்ந்தவனுக்கு எந்தக் குத்து எப்போது வந்தது என்று தெரிந்திருக்காது. அப்படி ஒரு இரவில் நான் லூயிஸைத்தான் எடுப்பேன், எட்டாம் ஒன்பதாம் சுற்றில்.

எடைத்தட்டு

ஆக நடுவரை மாற்றினால் பட்டமே மாறுகிறது என்கிறீர்கள். உள்ளே வருவதற்கு முன் அந்த ஜாபை லூயிஸ் எத்தனை வாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் இன்னும் விளாதிமிர் பக்கம்தான், ஆனால் முன்பிருந்த அளவுக்கு உறுதியாக இல்லை.

மணியோசை

நடுவரோடு மருத்துவரையும் சேருங்கள். 1954 செப்டம்பர், மார்சியானோவும் எஸ்ஸார்ட் சார்லஸும் இரண்டாவது முறை. ஆறாம் சுற்றில் மார்சியானோவின் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்தது. அப்படியே இன்னும் இரண்டு சுற்று ஆடவிட்டார்கள், எட்டாம் சுற்றில் சார்லஸை முடித்தார். 2003 ஜூனில் லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக விளாதிமிரின் அண்ணன் விதாலி கிளிச்கோ ஆறு சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் 58-56 என்று முன்னிலை. கண்ணுக்கு மேல் வெட்டு, மருத்துவர் நிறுத்தினார். 2003இன் மருத்துவர் 1954இல் இருந்தால் சார்லஸ் சாம்பியன். 1954இன் மருத்துவர் 2003இல் இருந்தால் விதாலி சாம்பியன் ஆகியிருக்கக்கூடும். நிறுத்தியது சரிதான், கண் அல்லவா. ஆனால் மார்சியானோவை உஸிக்குக்கு எதிரே நிறுத்துகிறவர்கள் இதைச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

என் கணிப்பு: 12 சுற்று, இன்றைய மருத்துவர், உஸிக் தெளிவாக. 15 சுற்று, அன்றைய மருத்துவர் என்றால் எனக்குப் பயம் வரும். மார்சியானோ தலை கிடைக்காவிட்டால் கையையும் தோளையுமே அடிப்பார், 1953இல் லா ஸ்டார்ஸாவின் கைகளை அப்படித்தான் செயலிழக்கச் செய்தார். 2020இல் சிசோரா முதல் சில சுற்றுகளில் நெருக்கியபோது உஸிக் திணறியதையும் பார்த்தோம். சிசோரா மார்சியானோ இல்லை.

இன்னொன்று. அலி, மார்சியானோ கணினிச் சண்டையைச் சிலர் ஆதாரமாகக் கொண்டுவருகிறார்கள். 1969இல் இருவரையும் வளையத்தில் நடிக்கவைத்துப் பல முடிவுகளைப் படமாக்கினார்கள். 1970இல் அமெரிக்காவில் காட்டியதில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி. அதை எந்தப் பக்கமும் கொண்டுவராதீர்கள்.

இடதுஹூக்

நானே டைசனுக்கு ஒரு கெட்ட சண்டை சொல்கிறேன். 1973 ஃபோர்மன். குட்டையான, உள்ளே புகும் ஆட்களுக்கு ஃபோர்மன் எமன். கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு சுற்றில் ஆறு முறை விழவைத்தார். அங்கே கவனிக்க வேண்டியது குத்தை அல்ல, உள்ளங்கையை. ஃபிரேசியர் குனிந்து வரும்போதெல்லாம் தோளில் கை வைத்துத் தள்ளித் தனக்கு வசதியான தூரத்தில் நிறுத்தினார், பிறகு அப்பர்கட். தள்ளுவதை நடுவர் தடுக்காவிட்டால் மூன்று சுற்றுக்குள் ஃபோர்மன், எனக்கே பிடிக்காத பதில்தான். தடுத்தால், ஐந்தைத் தாண்டினால், டைசன். ஐந்துக்குப் பிறகு ஃபோர்மனிடம் மூச்சு இருக்காது என்பதை அவர் அலியிடம் தோற்ற கின்ஷாசா காட்டிவிட்டது.

ஜாப்மட்டும்

எனக்குப் பிடித்த சண்டையை யாரும் தொடவில்லை. ஹோம்ஸ், லெனாக்ஸ். 1982 ஜூனில் ஆறடி ஆறங்குல கூனியை 13ஆம் சுற்றில் நிறுத்திய ஹோம்ஸ், 2000இல் டுவாவை 12 சுற்றும் ஜாபிலேயே தள்ளிவைத்த லெனாக்ஸ். இரண்டு பெரிய ஜாப்கள். ஹோம்ஸின் ஜாப் வேகம், லெனாக்ஸின் ஜாப் நீளம், 84 அங்குல வீச்சு. ஹோம்ஸ் வலது கையில் விழுவார், 1979இல் ஷேவர்ஸ் விழவைத்தார், 1981இல் ஸ்னைப்ஸ் விழவைத்தார், இரண்டு முறையும் எழுந்து வென்றார். லெனாக்ஸும் வலது கையில் விழுவார், மெக்காலிடமும் ரஹ்மானிடமும், இரண்டு முறையும் அதோடு சண்டை முடிந்தது.

கயிற்றோரம்

லெனாக்ஸ் 2000இல் கிரான்ட்டை முடித்த விதத்தையும் சேருங்கள், ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அப்பர்கட். அதை விடுகிற நடுவர் என்றால் ஹோம்ஸ் உள்ளே போகவே கூடாது.

பழையரீல்

12 சுற்று, விடுகிற நடுவர்: லெனாக்ஸ், புள்ளிகளில், இரண்டு மூன்று சுற்று வித்தியாசத்தில். 15 சுற்று, படில்லா: ஹோம்ஸ் ஒருமுறை விழுவார், ஏழாம் எட்டாம் சுற்றில். எழுந்துவிடுவார். கடைசி மூன்று சுற்றில் 240 பவுண்டுக்கு மேல் சுமக்கும் லெனாக்ஸின் ஜாப் தாழும்போது அதற்கு மேலாக ஹோம்ஸின் வலது கை போகும். 14ஆம் சுற்று, ஹோம்ஸ்.

ஜாப்மட்டும்

14 இல்லை. புள்ளிகளில் ஹோம்ஸ், அதுவும் ஒரே ஒரு அட்டை மாறுபட.